ஊசிமலைக் காட்டின் வெள்ளைக் காளான்

கந்தப்பளைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஊசிமலைத் தோட்டத்தின் கடைசி லயம், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள், இருந்தது. அங்கே குடியிருந்த பழனியாண்டி கவ்வாத்துக்காரன். வாரமெல்லாம் கத்தியோடு தேயிலைச் செடிகளை வெட்டி மட்டம் செய்வான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கு வரும் விருந்தாளிகளைக் காட்டுக்குள் கூட்டிப் போய்ப் பறவை காட்ட வேண்டும்.

இந்த வேலையை அவன் கேட்டு வாங்கவில்லை. விறகுக்குப் போன ஒருநாள், துரையின் மனைவி காட்டில் வழி தவறி நிற்பதைக் கண்டு பங்களாவரை கூட்டி வந்து விட்டான். வரும் வழியில் அவள் கேட்ட குருவிகளையெல்லாம் மரம் மரமாகக் காட்டினான். அதோடு அவனைப் பிடித்துக்கொண்டாள். ஐப்பசி மழை ஓய்ந்து, வடக்கிலிருந்து குருவிகள் வந்து இறங்கும் கார்த்திகையில் துரைசானிக்கு அவன் இல்லாமல் ஆகாது. காட்டில் காளான் பூப்பதும் அந்தப் பருவத்தில்தான். விருந்தாளிகள் கழுத்தில் தொலைநோக்கியும் கையில் கூடையுமாக அவன் பின்னால் நடப்பார்கள். பங்களாவுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய காளான் லயத்துக்கு வரும். பழனியாண்டி பறித்தது என்றால் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. கழுவிச் சட்டியில் போடுவார்கள்.

லயத்தில் பக்கத்து வீடான அடுத்த காம்பராவில் சிவசாமி இருந்தான். அவன் மனைவி ராசம்மா பங்களாக் குசினியில் பாத்திரம் கழுவினாள். அவர்களுக்கு வீரம்மா என்று ஒரே மகள்.

1957 கார்த்திகையில் கொழும்பிலிருந்து படம் வரையும் வெள்ளைக்காரி ஒருத்தி விருந்துக்கு வந்திருந்தாள். குருவிகளைவிடக் காளான்கள்தான் அவளுக்குப் பிடித்தன. ஒரு மரத்தடியில் முட்டை உடைந்து வந்ததுபோல் வெள்ளை வெளேரென்று ஒரு கூட்டம் நின்றது. அவள் குனிந்தாள். பழனியாண்டி கையை நீட்டித் தடுத்தான்.

"இது கறிக்கு ஆகாதுங்க. தின்னா ஆள் செத்துருவாங்க."

துரைசானி அதை விருந்தாளிக்குச் சொல்லிவிட்டு அவனிடம் திரும்பினாள். "தெரியும், பழனியாண்டி. படம் போட மட்டும்."

காம்பின் அடியில் மண்ணுக்குள் இருக்கும் அடிப்பை கிழியாமல் வேண்டும் என்றார்கள். அவனே மண்ணைத் தோண்டி எடுத்துத் தனிக் கூடையில் வைத்தான்.

பங்களாவுக்குத் திரும்பியதும் குசினிப் படியில் உட்கார்ந்தான். ராசம்மா பாலில்லாத தேத்தண்ணி கொடுத்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடியதைச் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டுக் கோப்பையைக் கொடுத்துவிட்டு எழுந்து போனான். காளான்கள் அப்போது முன்விறாந்தை மேசையில் இருந்தன.

சாயங்காலம் படம் முடிந்தது. காளான்களைக் குப்பையில் வீசச் சொன்னாள் துரைசானி. சமையல்காரன் தட்டை ராசம்மாவிடம் நீட்டி, "வீசிடு" என்றான். வாடாத, புழு வைக்காத காளான். பழனியாண்டி அண்ணன் காலையில் கொண்டுவந்தது. அவள் அதை முந்தானையில் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குச் சிவசாமி வரவில்லை. வேலைக்குப் போகும் வழியில் பழனியாண்டி எட்டிப் பார்த்தான். தகப்பனும் மகளும் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தார்கள். ராசம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள சாப்பிட்டீங்க?"

"காளான்ணே. நீங்க பறிச்சதுதான்."

வாசலில் கொட்டியிருந்த கழிவைப் பார்த்தான். அந்த வெள்ளை அடிப்பைகள் கிடந்தன. கத்தியைப் போட்டுவிட்டுத் தோட்டத்து மருந்துக்காரரைக் கூட்டிவர ஓடினான்.

மருந்து கொடுத்தபின் வாந்தி நின்றது. அடுத்த நாள் வீரம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். கண்டம் தப்பியது என்றது லயம். பழனியாண்டி மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தான். ஆனால் பொழுது விடிந்தபோது பிள்ளையின் கண் மஞ்சளாகியிருந்தது. தோட்டத்து லொறியில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதலில் வீரம்மா இறந்தாள், பிறகு சிவசாமி. எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் ஒட்டியதை மட்டும் வழித்துத் தின்ற ராசம்மா பிழைத்துக்கொண்டாள்.

விசாரணையில் விபத்து என்று முடிந்தது. யாரும் பழனியாண்டியைக் குறை சொல்லவில்லை. அவன்தான் தன்னைக் குறை சொல்லிக்கொண்டான். அதற்காக அவன் மனைவி அழகம்மா அவனோடு மல்லுக்கட்டினாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்க? விசம்னு சொல்லத்தானே செஞ்சீங்க?"

"சொல்ல வேண்டியவகிட்ட சொல்லலையே. அவ கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சேன். ஒரு வார்த்த வாயில வரலையே."

அதன்பிறகு அவன் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. வீட்டுப் பின்பக்கத்துக் கீரையைக்கூட அழகம்மாதான் பறித்தாள். அடுத்த கார்த்திகையில் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. இந்தத் தடவை குருவி மட்டும் போதும் என்றார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியாது. தலைக்கு மேல் இருந்த தகரமும் தோட்டத்துடையது. போனான்.

ராசம்மா பங்களா வேலையை விட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாள். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவதும் அடுப்பு ஊதுவதும் இவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நாலு வருசம் அப்படி இருந்துவிட்டு, நல்லதண்ணி என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த தம்பியிடம் போகிறேன் என்றாள். அவள் பெட்டியைப் பழனியாண்டி கந்தப்பளை வரை சுமந்தான். பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாய் திறந்தான்.

"என்னை ரெண்டு வார்த்த திட்டிட்டாவது போயிரு தங்கச்சி."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்க மேல கோவம் வரணும்னு எவ்வளவோ பாத்தேண்ணே. வரமாட்டேங்குது. வந்திருந்தா எனக்கும் கொஞ்சம் பாரம் எறங்கியிருக்கும். என் கையாலதானே ரெண்டு பேருக்கும் போட்டேன். இன்னும் கொஞ்சம் போடும்மான்னு புள்ள கேட்டுச்சு, அதையும் போட்டேன்."

பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரமே அவள் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்தது. கார்த்திகையில் பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். பழனியாண்டி முன்னால் நடந்தான். குருவி இருக்கும் கிளையை விரலால் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றான். இப்படிச் சத்தமே போடாத ஆள் கிடைப்பது அரிது என்று அவர்கள் துரைசானியிடம் சொன்னார்கள். அடுத்த வருசமும் அவனையே கேட்டார்கள்.