எட்டரை மணி மழை

சென்னையில் மழை தொடங்கியதும் வீட்டில் உள்ள பாத்திரம் எல்லாம் மொட்டைமாடிக்கு ஏறிவிடும். பிளாஸ்டிக் குடம், அண்டா, வாளி, குழந்தையைக் குளிப்பாட்டும் பேசின் என்று ஒன்றும் மிஞ்சாது. மந்தைவெளியில் எங்களுக்கு மாடிப் போர்ஷனை வாடகைக்குத் தந்த ராஜம் மாமி, முதல் மழையன்றே என்னைக் கூப்பிட்டு, "உங்காத்துல அண்டா கிண்டா இருந்தா கொண்டு வந்து வைம்மா, ஆகாசத்துலேர்ந்து சும்மா கொட்றது" என்றார். நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பைகளோடு வந்தவர்கள். அண்டாவுக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் மழை தன் பாட்டுக்குக் கிணற்றுக்குப் போகும், அதைப் பிடிக்க யாரும் ஓடுவதில்லை. இங்கே லாரி வரும் நாளைப் பார்த்துத்தான் துணி தோய்க்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்க, ஊரே குடத்தோடு வரிசையில் நிற்கிறது. வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. அந்தச் சிரிப்புக்கான கடனை மழை என்னிடம் வட்டியோடு வாங்கிக்கொண்டது.

ஊரில் நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். காலநிலைதான் எனக்குப் பிடித்த பாடம். சண்டை முற்றியதும் படகேறினோம். இது தொண்ணூறுகளின் முற்பாதி, அகதிகளுக்குக் கல்லூரிக் கதவைச் சாத்தி வைத்திருக்கும் காலம். ஏன் சாத்தினார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரோ வெடிக்க வைத்த குண்டுக்கு நான் ஏன் படிப்பை விட வேண்டும் என்பதை மட்டும் இன்றுவரை யாரும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை. நானும் விடுவதாக இல்லை. தி.நகரில் ஒரு தட்டச்சு நிலையத்தில் பாதி நாள் வேலை பார்த்துக்கொண்டு, மீதி நாளில் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினேன். கடைசியில் அடையாறுப் பக்கம் ஒரு கல்லூரியில், புவி அறிவியல் துறையில் இருந்த வரதன் சார்தான் என்னை உட்காரச் சொல்லிப் பேசியவர்.

அவர் அப்போது ஒரு சிறிய ஆய்வு தொடங்கியிருந்தார். தென் சென்னையில் ஒரே மழை தெருவுக்குத் தெரு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காக, பன்னிரண்டு வீடுகளில் மழைமானி வைத்து அளக்க ஆள் தேடினார். "அட்மிஷன் என் கையில இல்லம்மா. ஆனா ஐப்பசியிலேர்ந்து மார்கழி முடிய ஒரு நாள் விடாம அளந்துண்டு வா. நடுவுல கேப் இருக்கப்படாது. அப்படிக் கொண்டு வந்தா உன்னை உதவியாளரா வெச்சுக்கறேன். கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்துக்கோ, யாரும் கேக்க மாட்டா" என்றார். எனக்கு அது போதும். இடைவெளி இல்லாத மூன்று மாதம் என் படிப்பு, அவ்வளவுதான் கணக்கு.

மழைமானி பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு உருளை, அதன் வாயில் ஒரு புனல், உள்ளே ஒரு போத்தல். காலை எட்டரைக்குப் போத்தலை வெளியே எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, கொப்பியில் எழுத வேண்டும். எட்டரை என்றால் எட்டரைதான். எங்கள் ஊரிலும் அதே எட்டரைக்குத்தான் அளப்போம். கடலைத் தாண்டி என்னோடு மாறாமல் வந்தது அந்த நேரம் ஒன்றுதான் என்று அம்மாவிடம் சொல்லுவேன். அம்மாவுக்கு அதில் பெரிய பெருமை இல்லை. "மழையை அளந்து ஆர் சோறு போடப் போகினம்?" என்பார். ஆனால் எட்டு இருபதுக்கு என்னைத் தட்டி எழுப்புவதும் அவர்தான்.

எங்களுக்கு இன்னொரு நேரமும் இருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் அம்மாவும் பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். முகாமுக்கு வெளியே இருக்கும் சிலோன்காரர் எல்லோருக்கும் அதுதான் விதி. வழக்கமாகப் பத்து நிமிடத்தில் விட்டுவிடுவார்கள், நான் தெரு முழுக்க ஓடி எட்டரைக்கு மாடியில் நிற்பேன். அம்மா பின்னால் மெதுவாக வருவார். நான்கு திங்கட்கிழமை அப்படி ஓடினேன்.

ஐந்தாவது திங்கள் புயல் சின்னம். முதல் நாள் மத்தியானத்திலிருந்து விடாத மழை. அன்றைக்கென்று நகரத்துக்கு ஒரு பெரிய தலைவர் வருகிறார், அதனால் எங்களை எல்லாம் எண்ணி, பெயர் பார்த்து, உட்கார வைத்துவிட்டார்கள். எட்டு இருபதுக்கு நான் எழுந்து மேசையில் இருந்த கான்ஸ்டபிளிடம் போனேன்.

"அண்ணை, எனக்கு எட்டரைக்கு மழை அளக்கவேணும். அளந்துபோட்டு உடனை வாறன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாமா, மழைய அளக்கணுமா? அத்தான் காவா ரொம்பி ரோட்ல ஓடிக்கினு கீதே. முட்டி அளவுன்னு எய்திக்கோ, போ."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மழைமானி, போத்தல், அடையாறுக் கல்லூரி என்று விளக்கத் தொடங்கினேன். மாடியில் உருளை வைத்திருக்கிறேன் என்று சிலோன் தமிழில் சொன்னால் பொலிஸ் நிலையத்தில் என்ன ஆகும் என்று யோசித்துப் பேசியிருக்க வேண்டும். அவர் முகம் மாறியது. "மாடியில இன்னா வெச்சிக்கீறே?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார். அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "பிள்ளை, பேசாமல் இரு. வாயைக் குடுத்து வினையைத் தேடாதை." ஐயா வரும்வரை ஒருவரும் நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சுவரில் இருந்த மணிக்கூட்டில் எட்டரை ஆனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு விட்டார்கள். பின்னேரம் வந்து பார்ப்போம் என்றும் சொன்னார்கள், வந்தும் பார்த்தார்கள், புனலுக்குள் விரல் விட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன் நான் நனைந்த செருப்போடு மாடிக்கு ஓடினேன். பிந்தினாலும் பரவாயில்லை, நேரத்தைக் குறித்து அளந்துவிடலாம் என்றுதான் வழி முழுக்க நினைத்தேன். போத்தல் கழுவிச் சுத்தமாகக் கைப்பிடிச் சுவரில் கவிழ்த்து வைத்திருந்தது.

ராஜம் மாமி ஈரப் புடவையோடு சிரித்த முகமாக வந்தார். "கவலைப்படாதே, நான் எடுத்து வெச்சுட்டேன். நாங்கள்லாம் வாயத் தொறந்த அண்டாவ வெச்சுண்டு முழிக்கறோம், நீ புனல் போட்டு, காக்கா வாய் வைக்காம, தூசி விழாம எவ்ளோ சமத்தா புடிச்சிருக்கே. அதான் மடியா எடுத்து சுவாமிக்கு அபிஷேகம் பண்ணிட்டேன். உனக்கும் ஒரு டம்ளர் தீர்த்தம் வெச்சிருக்கேன்."

இத்தனை நாளும் அந்தக் கருவி தண்ணீர் பிடிக்கிற கெட்டிக்காரத்தனம் என்றே மாமி நினைத்திருக்கிறார். ஒரு வெளிநாட்டுக்காரிக்கு, அதுவும் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத வாரத்தில், அவர் செய்த மரியாதை அது. அந்த வருடத்தின் மிகப் பெரிய மழை சுவாமியின் தலையில் போய்விட்டது, அதில் ஒரு டம்ளரை நானும் குடித்தேன். "எவ்வளவு இருந்தது மாமி?" என்று கேட்டேன். "இந்தச் சொம்பால ரெண்டு. இல்ல, ரெண்டரை. மூணு கூட இருக்கும்டீ, நான் என்ன எண்ணிண்டா இருந்தேன்?" என்றார். சொம்பை வாங்கிக் குவளையால் அளந்து பார்த்தேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு பெருமழையே அடங்கும். அந்த நாளுக்கு நேரே ஒரு கோடு போட்டு, குறிப்பு நிரலில் எழுதினேன்: "காலை எட்டரைக்கு அளப்பவர் பொலிஸ் நிலையத்தில் இருத்தி வைக்கப்பட்டிருந்தார்."

மார்கழி முடிந்து தாள்களைக் கொண்டுபோனபோது வரதன் சார் அந்த வரியில் விரலை வைத்தார். "ஏம்மா, அன்னிக்கு நுங்கம்பாக்கத்து அளவு பேப்பர்லயே வந்துதே. அதுலேர்ந்து கொஞ்சம் கொறச்சுப் போட்டிருந்தா யாருக்குத் தெரியும்? ரிமார்க்ஸ்ல பாலிடிக்ஸ் வேற."

"இது அரசியல் இல்லை சேர், காரணம்."

"சரி, வீட்டுல இல்லைன்னு போடேன்."

"நான் இல்லாமல் போகேல்லை சேர். என்னை இருத்தி வைச்சவை."

என் இடம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னபடி ஒரு எண்ணை எழுதினால் அது திரும்பக் கிடைக்கும் என்பதும் தெரியும். பேனையை அவரே என் பக்கம் தள்ளி வைத்தார். நான் எடுக்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, மற்றப் பதினொரு வீட்டுத் தாள்களையும் என் முன்னால் போட்டு, எல்லோரும் எவ்வளவு ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்கள் பார் என்றார். பார்த்தேன். எதிலும் இடைவெளி இல்லை. ஆனால் அந்தப் புயல் திங்களன்று ஐந்து வீட்டில் ஒரே அளவு, புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம்கூட மாறாமல். அது பத்திரிகையில் வந்த நுங்கம்பாக்கத்து அளவு. ஐந்து தாளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஐந்து தாளையும் தனியே எடுத்து வைத்தார். பிறகு, "திங்கக்கிழமைலேர்ந்து வந்துடு" என்றார்.

"திங்கள் ஏலாது சேர், கையெழுத்து வைக்கவேணும். செவ்வாய் வாறன்."

இப்போது அங்கேதான் வேலை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிக்கவும் செய்கிறேன், வருகைப் பதிவில் பெயர் இல்லாமல். எங்கள் அளவுகள் போன மாதம் ஒரு சிறு புத்தகமாக அச்சாகி வந்தன. மந்தைவெளிப் பக்கத்தைத் திறந்தேன். அந்தத் திங்களுக்கு நேரே நான் போட்ட கோடு இருந்தது. அடிக்குறிப்பை மட்டும் யாரோ மாற்றியிருந்தார்கள்: "அளப்பவர் வரவில்லை."

துறை நூலகத்துக்குப் போய், அங்கே இருந்த பிரதி முழுவதையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு சொல்லையும் அடித்து, நடந்ததைப் பேனையால் எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, எதிர் அலுமாரியில் இலங்கையிலிருந்து பரிமாற்றமாக வந்த மழைத் தொகுப்புகள் தெரிந்தன. கடைசியாக வந்ததை எடுத்து எங்கள் ஊரைத் தேடினேன். பெயர் இருந்தது. அதற்குக் கீழே தை முதல் மார்கழி வரை வெறும் கோடுகள். அடிக்குறிப்பே இல்லை. பேனையைத் திறந்து அங்கேயும் எழுதினேன்: "மழை பெய்தது. ஆட்கள் இருந்தார்கள்."

நூலக உதவியாளர் ஓடி வந்தார். "இன்னாமா, லைப்ரரி புக்குல எய்திக்கினு கீறே?"

"பிழையாய் அடிச்சிருக்கு அண்ணை. திருத்துறன்."

"எந்த ஊரு கணக்குமா அது?"

"என்ரை ஊர்."

"ரெண்டு ஊரு புக்கு கீதே. எதும்மா உன் ஊரு?"

மை காயும்வரை இரண்டையும் மூட விடாமல் நின்றேன், ஒரு கை மந்தைவெளியின் மேல், ஒரு கை ஊரின் மேல்.