நலம் என்று ஒரு தந்தி

கடல் தாண்டி இந்த மலையின் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சில வருஷங்களாகியும் காலையில் கேட்கும் அந்தக் குரல் மட்டும் எனக்குப் பழகவே இல்லை. இரவு மழை பெய்திருந்தால், விடிந்ததும் லயன் வீட்டுத் தொழிலாளர்கள் எதிர்ச் சரிவைப் பார்த்து, "இங்க ஓகேலா!" என்று கத்துவார்கள். அங்கிருந்தும் அதே பதில் வரும். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் லாரிக்காரர்கூட, கீழே தாப்பாவில் இறங்கியதும் மேலே போன் போட்டு, "எறங்கிட்டேன்" என்பார். நல்லபடியாக இருப்பதை இப்படி ஊருக்கெல்லாம் சொல்லித் திரிவானேன் என்று குன்னூர்க்காரனான எனக்குச் சிரிப்பு வரும்.

குன்னூரில் தேயிலை ஃபேக்டரியில் இருந்த என்னை எண்பதுகளின் நடுவில் இங்கே வரவழைத்தது ஒரு கம்ப்யூட்டருக்காக. அது தினமும் காலையில் தானாகவே ஓடி, இலை வாட்டும் காற்றாடிகளின் வேகமும் டிரையர்களின் சூடும் சொன்ன அளவில் இருக்கின்றனவா என்று பார்க்கும். விலகியிருந்தால் திருத்தி வைக்கும். பிறகு ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு வரி அச்சடிக்கும். சரியாக இருந்தது, திருத்தினேன், என்னால் முடியவில்லை, இந்த மூன்றில் ஒன்று. அதைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மேலே இருக்கும் துரை ஆபீசுக்குப் போனில் தெரிவிப்பது என் வேலை.

வேலையேற்ற முதல் நாள் எல்லா வரியும் சரி. பலகையில் எழுதினேன், தாளை மடித்து வைத்தேன், தெரிவிக்க ஒன்றுமில்லை என்று நிம்மதியாகத் தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி கோப்பைகூடக் குடிக்கவில்லை, ஒரு ஜீப் சீறிக்கொண்டு வந்து நின்றது. ஆபீஸ் குமாஸ்தா அந்தோணி மூச்சிரைக்க இறங்கினார். அவரைத் தோட்டமே கிராணி என்றுதான் கூப்பிடும். பின்னால் இரண்டு மெக்கானிக்குகள், கையில் ஸ்பானரோடு.

"என்னா ஆச்சு? மெசின் படுத்துருச்சா?"

"ஒண்ணும் ஆகலைங்களே."

"அப்புறம் ஏன் போன் வரல?"

"ஒண்ணும் ஆகலைங்க, அதனாலதான் பண்ணல."

அந்தோணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணும் ஆகலன்னு சொல்லணும்லா! இங்க மல சரிஞ்சா மொதல்ல அறுந்து போறது போன் கம்பிதான். கெட்ட சேதி எப்படி வரும்? நல்ல சேதி நின்னு போவும், அவ்ளோதான். அத வச்சித்தான் நாங்க மம்பட்டி எடுத்துக்கிட்டு ஓடுவோம்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் நான் வளர்ந்த விதம் அப்படி. எங்கள் வீட்டில் வெளியூர் போனவர் பேசாமல் இருந்தால் சுகமாக இருக்கிறார் என்று பொருள். தந்திக்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே அம்மா அழ ஆரம்பித்துவிடுவாள். தந்தியை யாரும் பிரிக்கக்கூட மாட்டார்கள், யார் போய்விட்டார்கள் என்பதுதான் கேள்வி.

மறு வருஷம் என் மனைவி செல்விக்குக் குன்னூரில் பிரசவ நேரம். முதல் குழந்தை எங்களுக்குத் தங்கவில்லை. அதனால் இந்த முறை நெஞ்சில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். டாக்டர் சொன்ன நாள் வந்தது, போனது. ஊரிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. அவர்கள் பேசவில்லையென்றால் நன்றாக இருக்கிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். காலையில் ஆபீசுக்குப் போன் போட்டு எல்லாம் சரி என்று சொன்னதும் அந்தோணி கேட்பார், "ஊர்ல?"

"ஒரு தகவலும் இல்லைங்க."

தகவல் இல்லை என்பது அவருக்கு எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். நாளாக ஆக எனக்கும் அப்படியே கேட்கத் தொடங்கியது. ஏதோ ஒரு மலை சரிந்துவிட்டது, எனக்குத்தான் கம்பி அறுந்திருக்கிறது. தாங்க முடியாமல் பிரிஞ்சாங் தபாலாபீசுக்குப் போய் ஒரு தந்தி அடித்தேன். நான் நலம், அங்கே எப்படி என்று. தந்திக்காரரின் சைக்கிளை அங்கே முதலில் யார் பார்ப்பார்கள் என்று அப்போது தோன்றவே இல்லை.

இரண்டு நாள் கழித்து ஆபீசிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். குன்னூர் டிரங்கால். ரிசீவரை என்னிடம் நீட்டிய அந்தோணி அங்கேயே நின்றார். பேசியது செல்வியின் தம்பி.

"ஏன் மச்சான் தந்தி அடிச்சீங்க? தந்திக்காரனப் பாத்ததும் உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு அக்கா அப்படியே உக்காந்துருச்சு. வீடே ஒப்பாரி. வாத்தியார் வந்து அந்த இங்கிலீசப் படிச்சுச் சொல்றதுக்குள்ள வலி வந்துருச்சு."

"செல்வி எப்படிடா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்குது. பொம்பளப் புள்ள, அதுவும் நல்லாருக்கு. இனிமே தந்தியெல்லாம் வேண்டாம்னு அக்கா சொல்லச் சொல்லுச்சு. நீங்க பேசாம இருந்தாத்தான் அதுக்குத் தூக்கம் வருமாம்."

பொண்ணு, ரெண்டு பேரும் நல்லாருக்காங்க என்று அந்தோணியிடம் சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு வெளியே போய், எதிர்ச் சரிவைப் பார்த்துக் கைகளைக் குவித்துக் கத்தினார். "கம்ப்யூட்டர்காரருக்குப் பொண்ணு! ரெண்டு பேரும் ஓகேலா!" சரிவு சரிவாக அது மேலே போனது. என் மகள் பிறந்ததை ஒரு மலையே சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போதும் காலையில் தாளைப் பார்த்துப் பலகையில் எழுதிவிட்டு, போனில் எல்லாம் நல்லாருக்கு என்று சொல்கிறேன். அந்தோணி சரிலா என்று வைத்துவிடுவார். நான் மட்டும் ரிசீவரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பேன். கடலுக்கு அந்தப் பக்கம், இன்னும் விடியாத ஊரில் செல்வி, என்னிடமிருந்து ஒன்றும் வராததால், குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள்.