பாட்டில்லாத கல்யாணப் பூசை

சிங்காநல்லூரில் நாங்கள் இருந்தது லைன் வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். ஆனாலும் அந்த இடத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அப்பா மில்லுக்கு நடந்தே போவார், அம்மா வீட்டோடு இருந்தாள். அக்கா பாடம் சொல்லிக்கொடுத்த நர்சரிப் பள்ளிக்கூடம் அடுத்த தெரு, மாதா கோயில் அதற்கும் அடுத்த தெரு. நான் மட்டும்தான் பஸ் ஏறி வேலைக்குப் போவேன். ஒரு பம்பு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர்.

கோயில் பாடகர் குழுவில் அக்காதான் பாட்டை எடுத்துக்கொடுப்பவள். ஆர்மோனியம் வாசித்தவர் மில் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த ஒரு பெரியவர். மாஸ்டர் என்போம். அவர் கட்டையில் விரலை வைத்துவிட்டு அக்காவைப் பார்ப்பார். அவள் மூச்சை இழுத்தால் கோயிலே நிமிர்ந்து உட்காரும். எனக்குப் பாட்டு சுத்தமாக வராது. நானும் ஒரு சனிக்கிழமை பயிற்சிக்குப் போனேன். என் குரலைக் கேட்ட மாஸ்டர், பீடத்துக்குப் பூ வைக்க நல்ல ஆள் இல்லை என்று சொல்லி என்னை அந்த வேலைக்கு அனுப்பிவிட்டார். மரியாதையாகத்தான் அனுப்பினார்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. குழுவில் ஒருவருக்குக் கல்யாணம் என்றால் மொத்தக் குழுவும் வந்து பாடும். வந்து பாடுங்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், வருகிறோம் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். அதைக் கேட்பதே அவமரியாதை. அக்கா எத்தனையோ பேருக்குப் பாடினாள். கூடப் பாடிய பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தாலியோடு போக, இவளுக்கு மட்டும் வரன் தள்ளிக்கொண்டே போனது. நிறம் கொஞ்சம் மட்டு, பல் கொஞ்சம் எடுப்பு, வீடு வாடகை வீடு. பெண் பார்க்க வந்தவர்கள் வாய்விட்டுச் சொன்னது கடைசிக் காரணத்தை மட்டும்தான்.

அக்காவுக்கு நகை ஆசை, பட்டு ஆசை எதுவும் கிடையாது. ஆனால் தன் கல்யாணப் பூசையில் நன்மை வாங்கும் நேரத்துக்கு, சாமியார் கையால் அப்பம் வாங்கும் அந்த நேரத்துக்கு, எந்தப் பாட்டு என்று எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தாள். மேல்குரல், கீழ்க்குரல் என்று இரண்டு பிரிவாகப் பாடவேண்டிய பாட்டு அது. துணி துவைக்கும்போதெல்லாம் மேல்குரலைப் பாடுவாள். அன்றைக்கு மட்டும் தான் வாயைத் திறக்காமல் முழங்காலில் நின்று, மற்றவர்கள் பாடுவதைக் கேட்க வேண்டும் என்பாள். ஊருக்கெல்லாம் பரிமாறியவளுக்கு ஒரு நாள் இலை முன்னால் உட்கார வேண்டும் என்று இருக்காதா?

அப்பாவின் ஆசை வேறு. அவருடைய அப்பாவும் தாத்தாவும் தொண்டாமுத்தூர்ப் பக்கம் பிறத்தியார் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் அதுவரை யார் பேரிலும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில் மில் ஆட்டம் கண்டு, வயதானவர்களைக் கணக்கு முடித்து அனுப்பத் தொடங்கினார்கள். அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வந்த பணத்துக்குச் சிங்காநல்லூரில் வாசற்படி கூடக் கிடைக்காது. கருமத்தம்பட்டிக்கு உள்ளே, சோளக்காட்டைச் சமப்படுத்திக் கல் நட்டிருந்த இடத்தில் நாலு சென்ட் கிடைத்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து நடக்கிற தூரந்தான் என்றார் புரோக்கர். நடக்கிற தூரந்தான். நடக்கப்போவது யார் என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

வீடு கட்டிக் குடிபோனதும் நடந்தது நானும் அக்காவும். விடியற்காலையில் கிளம்பி, அவினாசி ரோட்டில் பஸ் பிடித்து, பாதி வழியில் நான் என் பக்கம் திரும்புவேன். அவள் இன்னொரு டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு சிங்காநல்லூர் போவாள். முன்பு பள்ளிக்கூட மணி அடித்த பிறகு தலை வாரிக்கொண்டு ஓடியவள். சாயங்காலம் வீடு திரும்பினால் ஊர் முழுக்கத் தறிச் சத்தம் மட்டும் கேட்கும், பேச ஆளிருக்காது. அப்பா மட்டும் வாசலில் நின்று, பூசாத செங்கல் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பார். அவரைப் பார்க்கும்போது எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

சனிக்கிழமைப் பயிற்சி முடிந்தால் வீடு வந்து சேரப் பஸ் சரியாக அமையாது. அக்கா முதலில் ஒரு வாரம் விட்டாள், பிறகு இரண்டு வாரம், பிறகு அந்தப் பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்காவது அங்கே போகலாம் என்றால் அப்பா ஒப்பவில்லை. வீடு எங்கேயோ அங்கேதான் கோயில் என்றார். பழைய கோயிலின் பங்கிலிருந்து எங்கள் குடும்பத்தின் பெயரையே புதிய கோயிலின் பங்குக்கு மாற்றிவிட்டார், ரேஷன் கார்டை மாற்றிய அதே சுறுசுறுப்போடு.

புதிய கோயிலிலும் ஒரு குழு பாடியது. தறி ஓட்டுகிறவர்கள், நூல் சுற்றுகிறவர்கள், நல்ல மனிதர்கள். அக்கா பாடுகிறவள் என்பது எப்படியோ தெரிந்து, அவர்களில் ஒரு பெண் வந்து கூப்பிட்டாள். அக்கா நாசூக்காக, நான் சிங்காநல்லூரில் பாடிக்கொண்டிருக்கிறேனுங்க என்று சொல்லிவிட்டாள். அப்போது அவள் எங்கேயும் பாடவில்லை. அங்கே பாடிக்கொண்டிருந்த நாளை அவளால் விட முடியவில்லை, அவ்வளவுதான். சிங்காநல்லூரிலோ அவள் இங்கே பாடுவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சொந்த வீடு என்றதும் வரனும் வந்தது. தாராபுரம் பக்கத்து மாப்பிள்ளை, கூட்டுறவு சொசைட்டியில் வேலை, சாது. பெண் வீட்டு ஊரிலேயே பூசை வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அக்கா கேட்டாள். அவள் வாழ்நாளில் அப்பாவிடம் எதையாவது கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பூசை மட்டும் சிங்காநல்லூர்லயே வச்சுக்கலாங்களாப்பா?"

அப்பா சாதத்தைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"கண்ணு, எங்கம்மா அடுத்தவங்க தோட்டத்துச் சாளைக் குடிசையில இருந்து கல்யாணம் பண்ணிப் போனாங்க. உங்கம்மாவ வாடகை ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். நீயாவது சொந்த ஊட்டு வாசல்ல இருந்து நடந்து போயி, நம்மூர்க் கோயில்ல தாலி கட்டிக்கோணும்."

அக்கா சரிங்கப்பா என்றாள். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குழுதான் எங்கே இருந்தாலும் வந்துவிடுமே என்று அவளும் நினைத்திருப்பாள், நானும் நினைத்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை இருந்தால் தெரிவிக்கவும் என்று சாமியார் அறிவிப்பார். சிங்காநல்லூரில் ஓலை வாசித்தால் மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்க்கும், வெளியே வந்ததும் கேலி செய்தே பெண்ணை அழவைப்பார்கள். இங்கே ஒருவரும் திரும்பவில்லை. யார் என்று தெரிந்தால்தானே திரும்புவதற்கு! அக்கா யாரோ ஒருத்தியின் ஓலையைக் கேட்பதுபோலத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு எழுந்து நின்று, இவள்தான் அந்தப் பெண் என்று கத்தவேண்டும் போல இருந்தது.

பத்திரிகை வைக்க அப்பாவும் அம்மாவும் சிங்காநல்லூர் போனார்கள். மாஸ்டர் வீட்டில் தொடங்கிக் குழுவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, குடும்பத்தோடு வந்து நடத்திக்கொடுக்கணுமுங்க என்று கைகூப்பிவிட்டு வந்தார்கள். பாட்டுக்குச் சொல்லியாச்சா என்று அம்மா வழியில் கேட்டாளாம். அவர்களிடம் போய் அதையெல்லாம் சொல்வதா என்று அப்பா அதட்டிவிட்டாராம். புதிய குழுவிலிருந்தும் ஒருவர் வந்து, பாட்டுக்கு நாங்க வரோணுங்களா என்று விசாரித்தார். சிங்காநல்லூர்க் குழு வருகிறது என்று அப்பா பெருமையாகச் சொல்லி அனுப்பினார்.

கல்யாணத்தன்று சொந்த வீட்டு வாசலிலிருந்து அக்கா நடந்துதான் போனாள். அப்பாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. கோயில் வாசலில் சாமியார் வந்து மணமக்கள்மீது தீர்த்தம் தெளித்தார். உள்ளே எல்லோரும் எழுந்து வாசல் பக்கம் திரும்பினார்கள். நான் அக்காவின் தலைவலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். வருகைப் பாட்டு தொடங்கினால் நடக்க வேண்டும். தொடங்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். சிங்காநல்லூர் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நடு வரிசைகளில் பட்டும் வேட்டியுமாக, விருந்தாளிகளாக நின்றுகொண்டிருந்தார்கள். புதிய கோயில் குழுவும் வந்திருந்தது. அவர்களும் சுவரோரமாக விருந்தாளிகளாக நின்றார்கள். ஆர்மோனியத்தைத் துடைத்து, மேலே ஒரு முழம் மல்லிகை வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அந்த நாற்காலியில் யாரும் இல்லை. மாஸ்டர் புதிய குழுவைப் பார்த்தார். புதிய குழு மாஸ்டரைப் பார்த்தது.

அடுத்த பங்குக் கோயிலில், அந்த ஊர்க் குழு இருக்கும்போது, கூப்பிடாமல் போய் ஆர்மோனியப் பெட்டியைத் திறப்பது முறையில்லை என்று சிங்காநல்லூர்க்காரர்கள். டவுனிலிருந்து பெண்ணின் சொந்தக் குழு வந்திருக்கும்போது முந்திக்கொண்டு பாடுவது மரியாதையில்லை என்று இவர்கள். சாமியாரோ, பாட்டில்லாமல் எளிமையாக நடக்கட்டும் என்று வீட்டார் நினைக்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணி முன்னால் நடந்துவிட்டார். அக்காவும் நடந்தாள். அத்தனை ஜனம் இருந்த கோயிலில் அவளுடைய வளையல் சத்தம் எனக்குக் கேட்டது.

பூசை பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது யார் எழுந்து போவார்கள்? ஒவ்வொரு இடத்திலும் இப்போதாவது, இப்போதாவது என்று நான் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்மை வாங்கும் நேரம் வந்தது. அக்கா வாங்கிக்கொண்டு முழங்காலில் நின்றாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நேராக, அசையாமல், காத்துக்கொண்டிருக்கிற முதுகு. வரிசை நகரும் காலடிச் சத்தமும் யாரோ இருமுவதும்தான் கேட்டன. எனக்குக் குரல் வந்திருந்தால் அந்த இடத்தில் பாடியிருப்பேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும்தான் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். நீங்க பாடுவீங்கன்னு இருந்தோமுங்க, நீங்க பாடுவீங்கன்னு நாங்க இருந்தோமுங்க என்று இரண்டு பக்கமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். அத்தனை பேரும் நல்லவர்கள். அன்றைக்கு அங்கே மரியாதை தெரியாத ஆள் ஒருவராவது இருந்திருந்தால் அக்காவுக்குப் பாட்டு கிடைத்திருக்கும். அப்பா நடுவில் நின்று இரண்டு பக்கத்து முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிய அதிக நேரமாகவில்லை. அம்மாதான் அவரைக் கைப்பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

வீட்டுப் பந்தலில் முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் தன் ஆட்களோடு அக்காவிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

"தப்புப் பண்ணிப்போட்டோம் அம்மணி. இப்பப் பாடட்டுங்களா?"

அக்கா சிரித்தாள். மாலை கனத்த கழுத்தை நிமிர்த்தி, பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"அதெல்லாம் பரவாயில்லைங்க மாஸ்டர். அத்தனை தூரம் பஸ்ல வந்திருக்கீங்க. மொதல்ல சாப்பிடுங்க."

அவரும் தலையாட்டிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தார். சாப்பிட்டார்கள், மொய் எழுதினார்கள், டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

அக்கா தாராபுரத்தில் எந்தக் குழுவிலும் சேரவில்லை. குழந்தை, வீடு, உடம்பு என்று ஏதாவது சொல்வாள். அப்பா அந்த வீட்டுக்கு வெளிப்பூச்சுப் பூசவே இல்லை. பணம் இல்லாமல் இல்லை. கேட்டால், என்ன அவசரம் என்பார். அவரை நான் திட்டியதும் இல்லை, மன்னித்ததும் இல்லை. மன்னிக்க அவர் என்ன தப்புச் செய்தார்?

பல வருஷம் கழித்து அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ பேச்சில், அன்றைக்கு மாஸ்டர் வந்து கேட்டபோது ஏன் வேண்டாமென்றாய் என்று கேட்டுவிட்டேன். அவள் கையிலிருந்த துண்டை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

"வேண்டாம்னு எங்க சொன்னேன்? சாப்பிடுங்கன்னுதான சொன்னேன். இன்னொரு தடவை கேப்பாருன்னு பாத்துட்டே இருந்தேன்."