கல்கத்தாவிலிருந்து ஒரு பகல்

என் அக்காள் கணவர் ஆகாய விமானத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவர் பேசக் கேட்டவர்கள், அதற்கு இறக்கை கட்டிவிட்டதே அவர்தான் என்று நினைப்பார்கள். கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் அறுநூற்றைம்பது மைல்; காலையில் ஏறினால் பொழுது சாயுமுன் இறங்கலாம். காரைக்குடியில் இதைக் கேட்காத காது இல்லை. அரியக்குடிப் பெருமாளிடம்கூடச் சொல்லியிருப்பார்.

ஒரு வியாழக்கிழமை ரங்கூனிலிருந்து தந்தி வந்தது. அங்கே கடையைப் பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு விஷக்காய்ச்சல். வீட்டு மனிதர் ஒருவர் உடனே வரவும். எங்கள் தகப்பனார், அப்பச்சி, முன்பே காலமாகிவிட்டார். அந்த ஊர் பழகியவர் அத்தான் ஒருவரே.

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை கப்பல். அதைப் பிடிக்கச் சனிக்கிழமை வீடிறங்க வேண்டும். சனிக்குக் கிழக்கே சூலம்; அந்தத் திக்கில் பயணம் ஆகாது. கடல் தாண்டிப் பிழைக்கிற எங்கள் கூட்டத்துக்கு அது ஒரு தடையா? நல்ல நாளில் பெட்டியை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். பரஸ்தானம் என்போம். பெட்டி முன்னே போகும், மனிதன் பின்னே போவான், சூலம் வாயைப் பிளந்து நிற்கும்.

அண்ணன் மனைவி அதைத்தான் சொன்னாள்.

"நாளைக்கே அரியக்குடியில பெட்டியை வச்சிருவோம்ணே. சனிக்கிழமை கிளம்பிருங்க."

"பரஸ்தானமெல்லாம் கப்பல்ல போறவுகளுக்கு ஆச்சி! நாலு நாள் வாந்தி எடுத்துக்கிட்டு யாரு போறது? அடுத்த வியாழக்கிழமை நாள் சுத்தமா இருக்கு. ரயிலேறுறேன். காப்பி கல்கத்தாவில, ராச்சாப்பாடு ரங்கூன்ல."

"கல்கத்தா வரைக்கும் எதுலண்ணே பறக்குறீக?"

வளவு முற்றத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பொம்பளைக்குப் பூகோளம் எதுக்கு என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது. வாசற்படியிலிருந்து நோயாளியின் கட்டில் வரைக்கும் இருப்பதுதான் தூரம். நடுவில் ஒரு துண்டு வானத்தை மட்டும் வெட்டியெடுத்து அளந்தவரை அறிவாளி என்று எழுந்து நின்று வழியனுப்பினோமே!

மூன்று ராத்திரி ரயிலில் கிடந்து, ஞாயிற்றுக்கிழமை கல்கத்தாவில் இறங்கினார். விமானம் சனிக்கிழமையே போயிருந்தது. வாரத்துக்கு ஒன்றுதான். அதைப் பத்திரிகையும் போட்டிருந்ததாம். வேகத்தைப் படித்தவர் கிழமையைப் படிக்கவில்லை. திங்கட்கிழமை அண்ணன் போய்விட்டார்.

நாங்கள் வேண்டாமென்று விட்ட நத்தைக் கப்பல் முந்தைய புதன்கிழமையே ரங்கூனில் கரை தட்டியிருந்தது. அன்று கப்பல் ஆட்கள் கடைக்கு வந்தபோது, அதில் நம்மூரார் யாரேனும் உண்டா என்று அண்ணன் எழுந்து உட்கார்ந்து கேட்டாராம். கடைக் கணக்கப்பிள்ளை எழுதியிருந்தார்.

அத்தான் ரயிலிலேயே திரும்பினார். நேமத்தான்பட்டியிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்கள் நடுவில், சமுக்காளத்தில் சப்பணமிட்டுச் சொன்னார்:

"ஒரு நாள் முந்தியிருந்தா ஏழெட்டு மணி நேரந்தான். விசுக்குனு போயிருப்பேன்."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் மனைவி கேட்டாள்:

"கடைசித் தண்ணி யாருண்ணே ஊத்துனாக?"

அத்தான் கதவுப் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கடையில ஆளுக இருப்பாகல்ல ஆச்சி... ஏரோப்ளேன் மட்டும் நின்னிருந்தா..."

கதவு சாத்திக்கொண்டது.

துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர் மெதுவாக நகர்ந்து அத்தானருகே உட்கார்ந்தார்.

"அது மேகத்துக்கு மேலயா போகும், கீழயாண்ணே?"

அத்தான் விளக்க ஆரம்பித்தார்.