தட்டித் திறக்கும் கதவு

கொக்குவிலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கனடாவில் இருக்கிறார்கள். அந்தப் பூட்டிய வீட்டை ஒருவர் பார்த்துக்கொள்கிறார். நாற்பதைத் தொடாத வயது, ஒல்லியான உடம்பு, மடித்துக் கட்டிய சாரம், இடுப்பில் அந்த வீட்டுப் பூட்டுகளின் திறப்புக்கோர்வை. பொழுதுபட வந்து விறாந்தை விளக்கைப் போடுவார்.

நான் எழுதிய சிறுகதையொன்றை வாசிக்கக் கேட்டார், கொடுத்தேன். அதில் வெளிநாட்டிலிருந்து வரும் மகன், பிறந்த வீட்டைச் சவமென்று நினைக்கிறான், விற்றுவிட்டுப் போகிறான். அந்த உருவகத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மறுநாள் மதிலுக்கு மேலால் தாள்களை நீட்டினார்.

"வாசிச்சனான் ரீச்சர். அவன் விக்கத்தானே செய்வான்? சவத்தை ஆர் வைச்சிருக்கிறது?"

"அப்ப வேறை எப்பிடி எழுதிறது, தம்பி?"

"நித்திரை கொள்ளுது எண்டு நினைச்சிருந்தா, ஒருக்காத் தட்டியாவது பாத்திருப்பான்."

தாள்களை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் கடைசியாக எப்போது வந்தார்கள் என்று கேட்டேன். அவர் கேளாதவர்போலத் திரும்பி நடந்தார்.

விறாந்தையில் ஏறித் திறப்பைக் கையில் எடுத்தார். ஆனால் திறக்கவில்லை. கதவில் மூன்று தரம் மெல்லத் தட்டிவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார்.

உள்ளேயிருந்து "ஆரது?" என்று ஒரு குரல் வருமென்று, மதிலுக்கு இந்தப் பக்கம் நானும் காத்து நின்றேன்.