மாமா நீரோட்டம் பார்த்த கல்

எங்கள் குடும்பத்தில் கல் என்றால் ஒரே அர்த்தம்தான். நீலக்கல், புஷ்பராகம், வைடூரியம் என்று விலை பேசக்கூடிய சாமானுக்கு மட்டுமே அந்தப் பெயர். மற்றதெல்லாம் வெறும் பாறை. உம்மாவின் நானா, அதாவது என் மாமா, கண்டி டவுனில் இரத்தினக்கல் கடை வைத்திருந்தார். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்துவிட்டு, ஒரு சதத்துக்கும் விற்க முடியாத கற்களைப் படிக்கப் போனார் என் உம்மா. தகப்பன் இல்லாத தங்கச்சியைப் படிக்கவைத்தது மாமாதான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப்போக அவரைச் சும்மா ஏசிவிட்டுப் போய்விடுவீர்கள்.

உம்மா பேராதனையில் புவிச்சரிதவியல் படிப்பித்தார். அம்பிட்டியவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வந்து, பையை வைத்த கையோடு குசினிக்குள் நுழைவார். அடுப்பில் கறி கொதிக்கும்போது சுவரில் சாய்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடுவார். தூங்குகிறார் என்று நினைத்து நான் தோளைத் தட்டி எழுப்புவேன். எனக்கு இப்போது அவருடைய அன்றைய வயது. நானும் இரண்டு பஸ்தான் மாறுகிறேன். என் மகனும் அதேபோல என்னைத் தட்டி எழுப்புகிறான். அறைய வேண்டும் போலிருக்கும்.

கண்டி மலைகள் ஒருகாலத்தில் பூமிக்கடியில் வெந்து இறுகியவை, அவற்றில் ஒரு பூச்சியின் கால் பதிந்த தடத்தைக்கூடக் காண முடியாது என்று உம்மா சொல்வார். அவருடைய மனம் முழுக்கத் தென் அமெரிக்காவில் கிடந்தது. ஆர்ஜென்டீனாவின் தெற்கே பழைய ஏரிச் சேறும் எரிமலைச் சாம்பலும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பெரிய படுகைகள் இருக்கின்றனவாம். அந்த அடுக்குகளுக்கு நடுவே இலையும் மீனும் பூந்தாதும் அப்படியே பதிந்திருக்கின்றனவாம். எங்கள் நிலமும் அந்த நிலமும் ஒருகாலத்தில் ஒட்டிக்கிடந்தவை என்பார். “நம்மட சொந்தக்காரங்கதான் மகள், கொஞ்சம் தூரமாப் போயிட்டாங்க” என்று சிரிப்பார். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் முகத்தில் அலுப்பு இருக்காது.

அங்கிருந்துதான் அந்தக் கல் வந்தது. உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், ஒரு பக்கத்தில் நரம்பு நரம்பாக ஓர் இலை. அது எந்த மரத்து இலை என்று கண்டுபிடித்து எழுதினால், மூன்று வருடம் அங்கேயே வந்து ஆராய்ச்சி செய்ய இடம் தருவோம் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் சொல்லியிருந்தார்கள். கல் இரவல்தான், திருப்பி அனுப்ப வேண்டும். பகலில் படிப்பிக்கவே நேரம் போதாததால், இலையின் நரம்புகளை வரைவதற்காக உம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைத்தார்.

“கல்லு வந்துட்டு” என்று உம்மா யாருக்கோ தொலைபேசியில் சொன்னதுதான் தாமதம், சொந்தக்காரர்கள் மத்தியில் பரபரப்பாகிவிட்டது. தென் அமெரிக்கக் கல் என்றால் சும்மாவா? மாமி கம்பளையிலிருந்த தன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, “இது காஞ்ச மண்ணாங்கட்டிதானே? இதுக்கா இவ்வளவு பாடு?” என்றார். உம்மா தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

வாப்பாவுக்கு உம்மா போவதில் சம்மதம்தான். என்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், சோறு ஆக்கக்கூடப் பழகத் தொடங்கினார். அந்தச் சோற்றைச் சாப்பிட்டதில் எனக்கு ஆர்ஜென்டீனா மீது கோபமே வந்தது. ஆனால் மாமாவின் சம்மதம் கிடைக்கவில்லை. உம்மாவுக்கு வெள்ளிக்கிழமைகளில் விரிவுரை இல்லை; ஜும்ஆ தொழுகை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிடுவது மாமாவின் வழக்கம். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் பேச்சு வந்தது. மூன்று வருடம் ஒரு பொம்பிளை தனியாகப் போனால் ஊர் என்ன சொல்லும், பிள்ளையின் கதி என்ன என்று கேட்பார். உம்மா எதிர்த்துப் பேசமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை பேச்சை மாற்றத்தான் கல்லைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“இதுல தண்ணி மட்டும் படக் கூடாது நானா. பட்டா சேறாக் கரஞ்சிடும்.”

“கரையிற கல்லா?” என்று மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். “அல்லாஹ்வே, இதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?”

மாமா கல் பார்க்கிற விதத்தை நான் எத்தனையோ தடவை அவருடைய கடையில் கதிரை மேல் ஏறி நின்று பார்த்திருக்கிறேன். முதலில் துணியால் துடைப்பார். சட்டைப் பையிலிருந்து சின்ன லென்ஸை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டு, மூச்சை அடக்கி, திருப்பித் திருப்பிப் பார்ப்பார். லென்ஸில் திருப்தி வந்தால்தான் கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு, உள்ளே ஒளி ஓடுகிற நீரோட்டம் பார்ப்பார். லென்ஸ் வைக்காமல் தண்ணீரில் போடுகிறவன் கல்லுக்காரனே இல்லை என்பது அவருடைய கொள்கை. வேறு கடைக்காரர்களை அவர் திட்டுவதும் இதற்காகத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறையாகவும் அமைந்தது. வாப்பா பள்ளிவாசல் வாசலில் யாருடனோ கதைத்துக்கொண்டு நின்றுவிட்டார். மாமா மட்டும் முதலில் வந்தார். உம்மா உள் அறையில் தொழுதுகொண்டிருந்தார். மாமா அலுமாரியைத் திறந்தார், கல்லை எடுத்தார், சாப்பாட்டு மேசையிலிருந்த கை கழுவும் பேசினில் தண்ணீர் ஊற்றி அதற்குள் வைத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

கல்லின் ஓரத்திலிருந்து குமிழிகள் வந்தன. பிறகு தேநீரில் விழுந்த பிஸ்கட் போல அது ஊதியது, வெடித்தது, இதழ் இதழாகக் கழன்றது. இலையிருந்த பக்கம் ஒரு கணம் தனியாக மிதந்த மாதிரி இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பேசின் முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. எனக்கு அது பெரிய வித்தையாக இருந்தது, கைதட்டினேன். மாமா சிரிக்கவில்லை. பேசினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தொழுகை உடுப்போடு வந்த உம்மா, மேசையைப் பார்த்தார். அவர் கத்துவார் என்று பயந்தேன். அவரோ சேற்றுக்குள் விரலை விட்டு மெதுவாகத் துழாவினார்.

“நான் நெனச்சேன் நீ பகிடிக்குச் சொல்ற எண்டு” என்றார் மாமா. “நீரோட்டம் பாப்பமெண்டுதான் போட்டேன். தொழில் பழக்கம்.”

“பரவாயில்ல நானா. சோறு ஆறுது, உக்காருங்க.”

அத்தோடு முடிந்தது. ஆர்ஜென்டீனாக்காரர்கள் மரியாதையாகவே வருத்தம் தெரிவித்தார்கள், இடத்தை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். உம்மா ஓய்வு பெறும்வரை அதே இரண்டு பஸ்ஸில் போய் வந்தார். கல்லுக்கார மாமா கல்லைக் கரைத்த கதை மட்டும் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. கல்யாண வீடுகளில் யாராவது அதை எடுத்துவிடுவார்கள், ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடுகிறவர்கள் சோற்றை விழுங்க முடியாமல் சிரிப்பார்கள். நானே அபிநயத்தோடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மாமா மௌத்தாகி அடக்கமான பிறகும் சொன்னேன். உம்மாவும் கூடவே சிரிப்பார்.

ஆனால் நான் சொல்லும் கதையில் ஒரு துண்டு எப்போதும் விடுபட்டுப் போகும். அதில் சிரிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை, அதனால்தான்.

அன்று மாமா சாப்பிட்டுப் போன பிறகு, உம்மா பின்வாசல் பைப்படியில் குந்தியிருந்து பேசினைக் கழுவினார். சேறு லேசில் போகவில்லை. நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். திடீரென்று, தலையைத் தூக்காமலேயே கேட்டார்.

“மகள், மாமா லென்ஸ் வெச்சுப் பாத்தாரா?”

எனக்கு நன்றாகப் பதில் தெரிந்த கேள்வி. பள்ளிக்கூடத்தில் கூட அப்படி ஒன்று அமையாது. “இல்ல உம்மா, லென்ஸ எடுக்கவே இல்ல. நேரா தண்ணியிலதான் போட்டார்” என்று பெருமையாகச் சொன்னேன்.

உம்மா பைப்பை மூடினார். நான் சரியாகச் சொன்னதற்கு ஒரு வார்த்தை பாராட்டுவார் என்று காத்திருந்தேன், பாராட்டவில்லை. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பேசினை வெயிலில் கவிழ்த்துவைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா வந்தபோது அந்தப் பேசினில்தான் அவருக்குக் கை கழுவத் தண்ணீர் வைத்தார். கோழிக்கறியில் அவருக்குப் பிடித்த துண்டைத் தேடி எடுத்து, முதலில் அவருடைய சோற்றுக் கோப்பையில்தான் போட்டார். உம்மாவுக்குக் கோபம் போய்விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.