ஐஸ் தட்டில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம் மல்லிகாவுக்குக் களி தொண்டையில் நின்றது. எங்கள் பக்கம் ராகிக் களியை மெல்ல மாட்டோம். குழம்பில் புரட்டி அப்படியே விழுங்குவோம். இத்தனை வருஷம் வழுக்கிக்கொண்டு போன உருண்டை அன்று பாதி வழியில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தாள். நெஞ்சைத் தடவிக்கொண்டாள். "நீ கிண்டின களி உனக்கே எறங்கல பாரு" என்று நான் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

மார்கழியில் சோறும் நின்றது. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். பிறகு பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது). தொண்டையின் அடிப்பகுதியில் புற்று. டாக்டர் நிதானமாகச் சொன்னார், மல்லிகா நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். எனக்குத்தான் கண் இருட்டியது. என்னை உட்காரவைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். இதில் நோயாளி யார் என்று நர்ஸ் இரண்டு முறை கேட்டார்.

முப்பத்து மூன்று நாள் ரேடியேஷன் (கதிர்களால் கட்டியைச் சுடுவது), வாரம் ஒரு கீமோ ஊசி. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கட்டிக்குத் தெம்பு வந்துவிடும். எடை ரொம்ப இறங்கினால் உடம்பு தாங்காமல் நிறுத்த வேண்டியிருக்கும். அப்போது மல்லிகா ஐம்பத்தொரு கிலோ. நாற்பத்து நான்குக்குக் கீழே போகக் கூடாது, சாப்பிட முடியாவிட்டால் மூக்கில் குழாய் போடலாம் என்றார். அவள் வாய் திறப்பதற்குள் நான் கும்பிட்டுவிட்டேன். குழாய் மட்டும் வேண்டாம் சார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

தினமும் நல்லம்பள்ளியிலிருந்து பஸ். தொப்பூர் கணவாயில் வண்டி வளையும்போதெல்லாம் அவள் தொண்டையைப் பிடித்துக்கொள்வாள், நான் அவளைப் பிடித்துக்கொள்வேன். இரண்டாவது வாரம் மியூகோசைட்டிஸ் (வாயும் தொண்டையும் உள்ளே வெந்து புண்ணாவது) வந்தது. காரம் ஆகாது, புளிப்பு ஆகாது, ரசத் தெளிவுகூட எரிந்தது. எரியாமல் இறங்கியது ஒன்றுதான்: வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

பஸ் ஸ்டாப்பில் தள்ளுவண்டியில் கிழங்கு விற்ற அம்மா, சீசன் முடிகிறது, அடுத்த வாரம் வரத்து இருக்காது என்றார். ஒரு மூட்டையே வாங்கி வந்தேன்.

பாதியைப் பச்சையாக நறுக்கி ஃப்ரீசரில் திணித்தேன். நான்காம் நாள் வெளியே எடுத்தால் கறுத்துப்போய்த் தண்ணீர் சொட்டுகிறது, எலி கடித்த பஞ்சு மாதிரி. உங்கள் வீட்டிலும் இந்த யோசனை வந்தால் சொல்லிவிடுகிறேன்: ஆவியில் வேகவைத்து, மசித்து, ஐஸ் கட்டி வார்க்கும் தட்டில் வையுங்கள். ஒரு கட்டி இரண்டு வாய். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு நானே மாலை போடாத குறை.

மொரப்பூரிலிருந்து மல்லிகாவின் அக்கா பார்க்க வந்தார். ஃப்ரீசரைத் திறந்தார், மூடினார். "ஐஸுல வெச்சது பொணம் மாதிரிங்க. அதுல இன்னா சத்து இருக்கும்?"

அவ்வளவுதான். அன்று முதல் கையில் போன். கிழங்கில் பீட்டா கரோட்டின் (உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் மஞ்சள் நிறச் சத்து) இருக்கிறதாம். காற்றுப் பட்டால் போகுமாம், வெளிச்சம் பட்டால் போகுமாம். கரண்ட் போனால் நான் ஃபிரிட்ஜுக்குக் கம்பளி போர்த்திவிட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யாரையும் திறக்கவிடவில்லை.

மல்லிகா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குக்கூட இப்புடிப் போத்தி உட்டதில்ல நீங்க" என்றாள். அப்போதே குரல் பாதி போயிருந்தது.

ஒவ்வொரு கரண்டிக்கும் அவள் எதிரே உட்காருவேன். இறங்கியதா, எரிகிறதா, இன்னொரு வாய். எடை மட்டும் நாற்பத்தொன்பது, நாற்பத்தேழு, நாற்பத்தைந்து என்று இறங்கியது. குற்றம் ஃப்ரீசருடையது என்று முடிவுகட்டினேன். நான்காவது வாரம் உறைந்த கிழங்குக் கட்டி ஒன்றை டப்பாவில் போட்டு ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகரிடம் கொண்டுபோனேன். சின்னப் பெண். என் புலம்பலை முழுதும் கேட்டார்.

"கெழங்கு உள்ள என்ன கலருங்க?"

"வெள்ளைங்க."

"ஆரஞ்சுக் கெழங்குலதாங்க அந்தச் சத்து நெறைய. வெள்ளையில மொதல்லயே ரொம்பக் கம்மி. ஃப்ரீசர்ல காணாமப் போறதுக்கு அங்க ஒண்ணுமில்லைங்க."

இல்லாத பொருளுக்கு இரண்டு வாரம் காவல் இருந்திருக்கிறேன்.

ஃப்ரீசர் மேல் பழியில்லை என்றார். வேகவைத்து உறையவைத்தால் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் அப்படியே இருக்கும், வைட்டமின் சி கொஞ்சம் குறையும். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது. ஆனால் கிழங்கில் புரதம் (சதையும் தோலும் வளரத் தேவையான சத்து) மிகக் குறைவு. வெந்த தொண்டை ஆறவேண்டும் என்றால் அதுதான் வேண்டும். பால், முட்டையெல்லாம் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். சளி கட்டும் என்று எல்லாரும் சொன்னதால் பாலை நிறுத்திவிட்டேன் என்றேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றார்.

"பால் சொசைட்டில பால் அளக்கறங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கே எடை பார்த்தார்கள். நாற்பத்து மூன்று அறுநூறு. நான் டாக்டரிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். பால் கொடுக்கிறேன், முட்டை கொடுக்கிறேன், ஏற்றிக் காட்டுகிறேன் என்றேன். மல்லிகா கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

"கொழாய் போட்டுடுங்க டாக்டர். வலியக்கூட முழுங்கிருவேன். ஒவ்வொரு வாய்க்கும் இவரு மொகத்தப் பாக்கறதுதான் முடியலைங்க."

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். நான் என் செருப்பைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ரைல்ஸ் குழாய் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் மெல்லிய குழாய்) போட்டு, மூக்கோரம் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார்கள். நான்கு வாரம் நான் பயந்த பயம் அவ்வளவு சின்னதாக இருந்தது.

கவனித்துக்கொள்கிறவர்களுக்கு இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். குழாய் என்றால் தோற்றுப்போனோம் என்று அர்த்தமில்லை. வேண்டுமா வேண்டாமா என்று நோயாளியைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மிச்சமிருந்த கிழங்கைப் பாலில் நீர்க்கக் கரைத்து, துணியில் வடிகட்டி, பால் பவுடர் சேர்த்து, அவள் சாய்ந்து உட்கார்ந்திருக்க, சிரிஞ்சில் மெல்ல விட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. என் முகத்தை அவள் பார்க்கவேண்டிய அவசியம் இல்லாததால் டிவி பார்த்தாள். எடை நாற்பத்து நான்கில் நின்றது. முப்பத்து மூன்று நாளும் விடாமல் முடிந்தது. வைகாசியில் குழாயை எடுத்தார்கள். ஆடியில் எடுத்த ஸ்கேனில் கட்டி தெரியவில்லை. குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. ஐந்து வருஷம் பார்க்கவேண்டும் என்றார். ஐந்து வருஷத்தை நாங்கள் மூன்று மூன்று மாதமாகப் பிய்த்துத் தின்கிறோம்.

இப்போது அவள் குழைந்த பருப்புச்சோறு சாப்பிடுகிறாள். எச்சில் சரியாக ஊறுவதில்லை. அரைத் தட்டுக்கு முக்கால் மணி நேரம். எதிரே உட்காராதீர்கள் என்று உத்தரவு; பக்கத்தில் உட்காருகிறேன். சொசைட்டிக்கு நேரமாகிவிடும், எழுந்திருக்கத் தோன்றாது.

நேற்று என் தட்டு காய்ந்தே போய்விட்டது. மல்லிகா பாதியில் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாயில ஒண்ணுமில்லையே, இன்னா மெல்லறீங்க?"

தொட்டுப் பார்த்தேன். என் தாடை அசைந்துகொண்டுதான் இருந்தது. அவள் அடுத்த வாயை விழுங்கியபிறகு நின்றது.